அறிக்கை இல்லாமல் அகழாய்வு முடியாது

எங்காவது அகழாய்வு என்று செய்தி வந்தால் உடனே எழும் கேள்வி, 'எத்தனை ஆண்டுப் பழமை?' என்பதுதான். 'அறிக்கை வந்துவிட்டதா?' என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

தொல்லியல், பொருள் சேர்க்கும் ஆர்வமாகத் தொடங்கிய துறை. 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பொருளுக்கு இருந்த மதிப்பு, அது கிடந்த மண்ணுக்கு அன்று இல்லை.

மண்ணையே சாட்சியாக நிறுத்திய அகழாய்வு என்றால் எனக்குப் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் நடந்ததுதான். அதற்கு முன்பே அங்கே மணிகளும் ஜாடி உடைசல்களும் எடுக்கப்பட்டிருந்தன. அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஆங்கிலேயர் மார்ட்டிமர் வீலர் வேறு விதமாகத் தோண்டினார். குழியின் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, மண்ணின் நிறமும் தன்மையும் மாறும் இடமெல்லாம் கோடு கீறி, அடுக்கு அடுக்காக எண் கொடுத்தார். அப்படித் தோண்டும்போது இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பளபளப்புப் பானையோடுகள் கிடைத்தன. அவை புழங்கிய காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆகவே, அவற்றோடு கிடந்த உள்ளூர் ஓடுகளுக்கும் காலம் கிடைத்தது. அப்படி அரெஸ்ஸோ ஓடுகளோடு கிடந்த வகை ஓடுகளைத் துணைக்கொண்டு 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில், இறந்தோருக்குப் பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய பெருங்கற்காலத்துக்கே வீலர் காலம் கணித்தார். கரி, எலும்பு போன்றவற்றில் எஞ்சிய கார்பனை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறை வருவதற்கு முன் நடந்தது இது! தென்னிந்தியத் தொல்லியல் அன்றுதான் தன் காலில் நின்றது என்பேன்.

அரிக்கமேட்டு அறிக்கை 1946இலேயே அச்சாகிவிட்டது. வீலர் ரோமானிய வணிகத்தை மையமாக வைத்தே அந்த ஊரைப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் மறுபடி அங்கே தோண்டி, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததையும், வீலர் நினைத்ததைவிட நீண்ட காலம் அந்த இடம் புழக்கத்தில் இருந்ததையும் காட்டினர். வீலரின் அடுக்குகளும் வரைபடங்களும் அச்சில் இருந்ததால்தான் அவரோடு இப்படி வாதாட முடிந்தது.

ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வுக்கோ, அறிக்கைக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. தோண்டிய மண்ணைத் திரும்ப அடுக்கிவைக்க முடியாது. அறிக்கை வராதவரை அந்தக் குழி அழிந்த குழிதான். அப்படிப்பட்ட குழியில் கிடைப்பது பொன் நெற்றிப்பட்டமானாலும் எழுத்துப் பொறித்த ஓடானாலும் வெறும் காட்சிப் பொருள்தான். பழமையைக் கொண்டாடுகிற நாம்தான் இதை உரக்கக் கேட்க வேண்டும்: முந்தைய குழியின் அறிக்கையை அச்சிட்டுத் தமிழிலும் இணையத்தில் ஏற்றிய பிறகே அதே இடத்தில் அடுத்த குழிக்கு அனுமதி கொடுங்கள்.