பெட்டியில் மாக் 2, உள்ளே 2.3 மில்லிமீட்டர்

நாமே ஒட்டிச் செய்யும் ராக்கெட்டின் பாகங்களை விற்பவர்களால், 'மாக் 2 தாங்கும்', அதாவது ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தைத் தாங்கும் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடிக்க முடிகிறது. அந்த வேகத்தைத் தாங்க, ராக்கெட்டின் வாலில் துடுப்பு போல நிற்கும் ஃபின் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், வலுவுக்காக அதன் மேல் எந்தத் துணியை எத்தனை அடுக்கு போட வேண்டும் என்று சொல்லும் ஒரே ஒரு தாளை உள்ளே வைக்க மட்டும் முடியவில்லை. ஒரு வருடமாக எனக்கு இந்த ஆத்திரம் அடங்கவே இல்லை.

கலிபோர்னியாவில் லூசர்ன் என்ற வறண்ட ஏரிப் படுகையில்தான் நாங்கள் ராக்கெட் விடுவோம். போன வசந்த காலத்தில் நான் கொண்டு போனது 54 மில்லிமீட்டர் மோட்டார் போடும் ராக்கெட். மோட்டாரை விட மயிரிழை அகலமான குழாய், அதன் வாலில் மூன்று ஃபின், அவ்வளவுதான். வேகத்துக்காகவே செய்யும் வடிவம் இது. பெட்டியில் வந்த குறிப்பில் இருந்ததை ஒரு வரி விடாமல் செய்திருந்தேன். வேகமாக எரியும் கே வகை மோட்டார் (கே என்பது மோட்டாரின் பலத்தைக் குறிக்கும் எழுத்து). பொத்தானை அழுத்தி இரண்டு வினாடி ஆகியிருக்காது, மேலே 'டப்' என்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை ஒரு பக்கமாக வளைந்தது. அப்புறம் துண்டு துண்டாக விழுந்தது. பாராசூட் தனியாக மிதந்து வந்தது. உயரம் அளக்கும் கருவி கிடைக்கவே இல்லை.

அங்கே நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "மோட்டார் ரொம்பப் பெருசு." "இன்னும் கொஞ்சம் எபாக்ஸி பசை போட்டிருக்கணும்." இந்த இரண்டு வாக்கியத்தையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எபாக்ஸியைக் குடம் குடமாகக் கொட்டினாலும் மெல்லிய ஃபின் மெல்லிய ஃபின்தான்!

வீட்டுக்கு வந்து, உடைந்த ஃபினை வெர்னியர் காலிபரில் வைத்தேன். விற்றவர் தன் விளம்பரத்தில் சொன்ன தடிமன் 3.2 மில்லிமீட்டர். காலிபர் காட்டியது 2.3.

ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கூட இல்லையே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். காற்றில் வாழையிலை எப்படிப் படபடத்து நார்நாராகக் கிழிகிறது என்று பார்த்திருப்பீர்கள். வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் ஃபினும் அப்படித்தான் படபடக்கும். காற்று அதை முறுக்கும், ஃபின் திரும்பி வரும், திரும்பி வரும்போதே காற்று இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதை விடப் பெரிதாகி, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதற்கு ஃபிளட்டர் என்று பெயர். அது எந்த வேகத்தில் தொடங்கும் என்று மதிப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது. நாசாவுக்கு முன்னோடியான நாக்கா (NACA) அமைப்பு, ஏவுகணைகளின் இறக்கைகளுக்காக 1958-இல் வெளியிட்ட அறிக்கையில் அதன் மூலம் இருக்கிறது. ரகசியம் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். மற்ற அளவுகள் மாறாமல் தடிமன் மட்டும் குறைந்தால், அந்த எல்லை வேகம் தடிமனின் 1.5 அடுக்குக்குறிக்கு (தடிமனை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதற்கு) ஏற்றபடி இறங்கும். என் ஃபினுக்கு 3.2 போட்டுக் கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 800 மீட்டர் வந்தது. 2.3 போட்டால் 490-ஐக் கூடத் தொடவில்லை. தரைமட்டத்தில் மாக் 2 என்பது சுமார் 680 மீட்டர். அதாவது அந்தப் பெட்டிக்குள் இருந்தது மாக் 1.4-இலேயே கிழியக்கூடிய ஃபின்.

கணினியில் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். பார்த்தேன். ஓபன்ராக்கெட் என்ற மென்பொருள் உயரத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லும். அதன் கணக்கில் ராக்கெட் வளையாத, முறுகாத ஒரே கட்டை. 'மாக் 1.9' என்று திரையில் வந்தவுடன் ஆளாளுக்குக் கைதட்டுகிறோம். அந்த வேகம் வரைக்கும் ஃபின் உடம்போடு இருக்குமா என்று திரை சொல்லாது, நாமும் கேட்பதில்லை. வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

சூடு வேறு. 27 டிகிரி வெயில் நாளில் மாக் 2-இல் போனால் மூக்கு நுனியில் மோதி நிற்கும் காற்று 260 டிகிரியைத் தாண்டும். அறை வெப்பத்தில் காயும் சாதாரண எபாக்ஸி பலவும் 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். சில வினாடிதான் என்பதால் உள்ளே வரைக்கும் வேகாது. ஆனால் ஃபினின் முன் விளிம்பில் மெல்லிசாகத் தடவிய பசைக்கு அந்தச் சில வினாடியே போதும். இதைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல் கிடையாது. வண்ணம் எப்படி அடிப்பது என்பதற்கு மட்டும் அரைப் பக்கம்!

இந்த வடிவத்தில் ஃபினைக் குழாய்க்குள் நுழைத்து உள்ளே ஒட்ட இடமே இல்லை, ஏனென்றால் உள்ளே முழுக்க மோட்டார். மேற்பரப்பில்தான் ஒட்டியாக வேண்டும். அதனால்தான் ஒரு ஃபினின் நுனியில் தொடங்கி, குழாய் மேல் இறங்கி, அடுத்த ஃபினின் நுனி வரைக்கும் துணியை எபாக்ஸியில் ஊறவைத்துப் படிய வைக்கிறோம். முதல் துண்டு அடிப்பாகத்துக்கு மட்டும், அடுத்தது கொஞ்சம் பெரிதாக, கடைசித் துண்டு நுனி வரைக்கும். ஒரு இடைவெளி இறுக ஒரு நாள். மூன்று ஃபினுக்கு மூன்று நாள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் எல்லாவற்றையும் விட முக்கியம், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. பளபளவென்று வரும் ஃபைபர்கிளாஸ் குழாயில் அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகு ஒட்டியிருக்கலாம். 80 எண் உப்புத்தாளால் அந்தப் பளபளப்பு சாகும் வரை தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் காயவிட்டு ஒட்டலாம். இதை எனக்குச் சொன்னது பெட்டி அல்ல, முப்பது வருடமாக ராக்கெட் விடும் ஒரு பெரியவர்.

இது வெறும் பணம் போன கோபம் இல்லை. மோட்டார் எரிந்துகொண்டிருக்கும்போது ஃபின் போனால் ராக்கெட் எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அன்று அது காலி மண் பக்கம் திரும்பியது. எதிர்ப்பக்கம் குழந்தைகளோடு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. விற்றவருக்கு இதையெல்லாம் எழுதினேன். 'பயன்படுத்துபவரே பொறுப்பு' என்று ஒரு வரிப் பதில். பொறுப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அப்படியானால் தடிமனைச் சரியாகச் சொல்லுங்கள். அளவைப் பொய்யாகக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

போன மாதம் நண்பரின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெரிய மோட்டார்களைப் பயன்படுத்தத் தேவையான இரண்டாம் நிலைச் சான்றிதழுக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், இனி ராக்கெட்டைப் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் வாங்கிய பெட்டியை மேஜை மேல் வைத்தாள். அதே பெட்டி. அதே கொட்டை எழுத்து.

"அங்கிள், இதை அப்படியே ஒட்டிடலாமா?"

காலிபரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஃபினை வைத்து, எண்ணைப் பார்த்தாள். 2.4. தப்பாக வைத்துவிட்டோமோ என்று மறுபடி அளந்தாள். மூன்றாவது ஃபினையும் அளந்தாள். அப்புறம் பெட்டி மூடியைத் திருப்பி அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.