நேராக ஏறிய கோடு

எங்கள் வீட்டு மின்சார யூனிட் கணக்கைப் பைதான் நிரல்மொழியின் டிக்‌ஷனரி ஒன்றில் எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கம் ரீடிங் எடுத்த மாதம், அது கீ; அந்தப் பக்கம் யூனிட், அது வேல்யூ. போன வாரம் அதை, வரைபடம் போடும் நிரல் நூலகமான மேட்பிளாட்லிப்பிடம் கொடுத்தேன். கீஸ் ஓர் அச்சு, வேல்யூஸ் ஓர் அச்சு, ஒரே வரி நிரல். பிப்ரவரி முதல் டிசம்பர் வரை, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் கோடு ஏறிக்கொண்டே போனது. “ஏ.சி. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே” என்று அம்மா ஆரம்பித்துவிட்டார்.

டிசம்பரில் யார் ஏ.சி. போட்டார்கள்? சந்தேகம் வந்து செங்குத்து அச்சைப் பார்த்தேன். கீழிருந்து மேலாக 310, 480, 520, 390, 280, 260. இது எந்த ஊர் வரிசை?

யூனிட்டுகளை நான் மேற்கோள்குறிக்குள் எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் 310 எண் அல்ல, எழுத்துச் சரம். சரத்தைக் கண்டால் மேட்பிளாட்லிப் அதை இட்லி, தோசை, பொங்கல் போல ஒரு பெயராகவே எடுத்துக்கொள்கிறது. முதலில் வந்ததற்கு 0, அடுத்ததற்கு 1, அதற்கடுத்து 2. எதுவும் திரும்ப வராவிட்டால், என்ன கணக்கைக் கொடுத்தாலும் நேர்கோடுதான்.

தவறு என்னுடையதுதான். ஆனால் கோபம் வேறு இடத்தில். ‘இவை எண்ணாக மாறக்கூடிய சரங்கள், மாற்றிவிட்டுக் கொடுங்கள்’ என்ற பொருளில் அந்த நூலகமே ஒரு குறிப்பு எழுதுகிறது. அதை வெறும் ‘இன்ஃபோ’ (தகவல்) நிலையில் எழுதுகிறது. நாமாக மாற்றாதவரை, பைதானில் எச்சரிக்கை நிலைக்குக் கீழே இருப்பது திரைக்கு வராது. தெரிந்தும் வாய்க்குள் முணுமுணுப்பது என்ன நியாயம்? அதை எச்சரிக்கையாக்க வேண்டும் என்பதே என் கட்சி.

பெயர்களை நேரடியாக அச்சில் வைக்கும் வசதி 2017இல், 2.1 பதிப்பில் வந்தது. அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கு முன் இட்லிக்கும் தோசைக்கும் பட்டை வரைய நாமே இடம் ஒதுக்கிப் பெயர் ஒட்ட வேண்டியிருந்தது. (ஜான் ஹன்டர் இந்த நூலகத்தைத் தொடங்கியது வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பார்க்க. அலை வர வேண்டிய இடத்தில் நேர்கோடு வந்திருந்தால் அவர் ஒரு நொடியில் பிடித்திருப்பார்.)

இதைவிடப் பொல்லாதது கீ பக்கம். ஆண்டுகளைக் கீ ஆக்கி ஜேசான் என்ற கோப்பு வடிவில் சேமித்தால் அவையும் சரமாகிவிடும். திரும்ப எடுத்து வரைந்தால் 2001, 2011, 2014 மூன்றும் சம தூரத்தில் நிற்கும். வரிசை சரியாக இருப்பதால் கண்ணுக்கும் உறுத்தாது.

யூனிட்டுகளை எண்ணாக மாற்றி மறுபடி வரைந்தேன். ஜூனில் உச்சி, பிறகு ஒரே இறக்கம். அம்மாவிடம் காட்டினேன்.

“ஜூனில் ஏறியது ஏ.சி.யால்தானே?” என்றார்.