பேட்டன் விழுந்ததோடு முடிந்துவிடவில்லை மாரி டோலிங்கரின் கதை

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஓடிய ஜெர்மன் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் ஒரே காட்சியைத்தான் சொல்கிறார்கள். 4x100 மீட்டர் ரிலே இறுதி. முந்தைய நாள்தான் அந்த நால்வரும் 46.4 விநாடியில் உலக சாதனை படைத்திருந்தார்கள். இறுதியிலும் நல்ல முன்னிலை. மூன்றாவதாக ஓடிய மாரி டோலிங்கர், கடைசி வீராங்கனை இல்சே டோர்ஃபெல்ட்டிடம் கொடுத்த பேட்டன், அதாவது ரிலேயில் கைமாற்றி ஓடும் குச்சி, கீழே விழுந்தது. ஹிட்லர் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கம் அமெரிக்காவுக்குப் போனது.

கதையை இங்கேயே நிறுத்திவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

டோலிங்கர் முதலில் ஒலிம்பிக்கில் ஓடியது 1928-இல், ஆம்ஸ்டர்டாமில். 17 வயதுப் பெண், 800 மீட்டர் இறுதியில் ஏழாவது இடம். பெண்களுக்கு இவ்வளவு தூரம் ஆகாது என்று அப்போது எழுந்த கூச்சலில் அந்தப் போட்டியையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்து 100 மீட்டருக்கு வந்தார். 1932-இல் நான்காவது, 1936-இல் மறுபடியும் நான்காவது. இரண்டு முறையும் பதக்கம் ஒரே ஒரு இட வித்தியாசத்தில் கைநழுவியது. இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

அவர் கணவர் ஃப்ரீட்ரிக் ஹென்ட்ரிக்ஸும் ஓட்டக்காரர்தான். 1932 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்கள் ரிலேயில் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர். 1938-இல் மகள் புருன்ஹில்டே பிறந்தாள். 1941-இல் ஹென்ட்ரிக்ஸ் சோவியத் போர்முனையில் கொல்லப்பட்டார். மகளுக்கு அப்போது 3 வயது. 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடக்கவே இல்லை. 1948-க்கு ஜெர்மனியை அழைக்கவில்லை. பெர்லின் தோல்விக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்புகூட டோலிங்கருக்குக் கிடைக்கவில்லை. அந்த 46.4 மட்டும் 1952 வரை உலக சாதனையாக நின்றது.

அவரை மட்டும் வைத்துக் கண்ணீர் விடவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த அணி ஓடியது நாஜி ஆட்சியின் சின்னத்தோடு. அதே ஜெர்மனியில் லில்லி ஹெனோக் என்றொரு யூத வீராங்கனை இருந்தார். வட்டெறிதல், குண்டெறிதல், 4x100 ரிலே என மூன்றிலும் உலக சாதனை கண்டவர். 1933-க்குப் பிறகு கிளப்பிலிருந்து வெளியேற்றினார்கள். 1942-இல் லாத்வியாவின் ரிகா அருகே கொன்றார்கள். பெர்லினின் சோகம் என்று எழுத வேண்டுமென்றால் முதலில் எழுத வேண்டிய பெயர் அது. விழுந்த பேட்டனுக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூட அவருக்குக் கிடைப்பதில்லையே!

அப்புறம் 1960, ரோம். புருன்ஹில்டே ஹென்ட்ரிக்ஸ் ஓடிய ஜெர்மன் அணி அதே 4x100 ரிலேயில் வெள்ளி வென்றது. முன்னால் போனது வில்மா ருடால்ஃப் இருந்த அமெரிக்க அணி. அம்மா விட்டதை மகள் மீட்டாள் என்று இதை எழுதுவது சுலபம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அது அந்தப் பெண் தன் காலால் ஓடி வாங்கிய பதக்கம், யாருடைய கடனையும் அடைக்க வாங்கியதில்லை. பெண்கள் 800 மீட்டரும் 32 வருடம் கழித்து அந்த ரோமில்தான் திரும்பி வந்தது. அம்மாவுக்கு ஒலிம்பிக் நியாயமாகத் தர வேண்டிய கடன் ஒன்று இருந்ததென்றால், அது அந்தப் போட்டிதான்.