மோவாயைத் தாழ்த்துவது எல்லோருக்கும் ஒத்துவராது

பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படும் எவரும் மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. விழுங்கும் அனிச்சை தாமதமாகி, தண்ணீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் இறங்குபவர்களுக்கு இது உதவும்: நாக்கின் அடிப்பகுதி பின்னால் நகர்ந்து மூச்சுக்குழல் வாசல் குறுகும். உதடு சரியாக மூடாதவருக்கோ வாயிலிருந்தே ஒழுகிவிடும். குரல்வளையின் இருபுறக் குழிகளில் உணவு தேங்குபவர் குனிந்தால், தேங்கியது மூச்சுக்குழலுக்குள் சரியவும் கூடும்.

தொண்டையின் ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால், தோளைப் பார்ப்பதுபோல் தலையை அந்தப் பலவீனமான பக்கமே திருப்ப வேண்டும். அந்தப் பக்கம் அடைபட்டு, உணவு நல்ல பக்கமாக இறங்கும்; உணவுக்குழாயின் மேல்வாயும் எளிதாகத் திறக்கும். வீட்டில் பலர் நேர்மாறாகத் திருப்பிவிடுகிறார்கள். தலையைத் தோள் பக்கம் சாய்ப்பது வேறு, அதை நல்ல பக்கமாகச் செய்ய வேண்டும்.

டம்ளரையும் கவனியுங்கள். குறுகிய டம்ளரில் கடைசி மடக்குக்குத் தலை தானாகவே பின்னால் போகும். அண்ணாந்து குடிப்பது இன்னும் மோசம். அகல வாய்க் கிண்ணமோ கரண்டியோ போதும். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினாலும் தலை இப்படியே பின்னால் போகும்.

இருமல் இல்லை என்று நம்பிவிடாதீர்கள், சத்தமில்லாமலும் புரையேறும். எந்த நிலை யாருக்குப் பொருந்தும் என்பதை, எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவோ மூக்கு வழி எண்டோஸ்கோப்பியோதான் காட்டும்.