ஆளைக் குறைப்பது வேறு, ஆயுளைக் குறைப்பது வேறு

தொழிலாளர் சட்டம் என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். இறுக்கினால் கம்பெனிகள் ஓடிவிடும் என்கிறது ஒரு கட்சி. தளர்த்தினால் தொழிலாளி அடிமையாகிவிடுவான் என்கிறது இன்னொன்று. எல்லாப் பாதுகாப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டு இரண்டு தரப்பும் சண்டை போடுவதுதான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

வேலை நேரத்தில் பேரமே கூடாது. எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை செய்கிறார். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரைக்குத்தான் மேசையை விட்டு நகர்வார். வந்ததும் முதல் படியிலேயே உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருப்பார். பிறகுதான் மாடி ஏறுவார். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியபோது, வாரத்துக்கு 48 மணி நேரம்தான், மூன்று நாள் விடுப்பு கிடைக்கும் என்றார்கள். ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது மூன்று நாள் விடுப்பா? எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நல்ல முடிவு.

பாதுகாப்புக்குச் செலவழித்தால் ஆர்டர் போய்விடும் என்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கட்டும். 2013 ஏப்ரல் 24 அன்று ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது, ஆலைகள் சோதிக்கப்பட்டன. அடுத்து வந்த சில ஆண்டுகளில் அந்நாட்டின் ஆடை ஏற்றுமதி ஏறியதே தவிர இறங்கவில்லை.

ஆனால், ஆட்குறைப்பு விஷயத்தில் முதலாளிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி மறுத்தால் மட்டும் ஆர்டர் திரும்பி வந்துவிடுமா? எத்தனை பேர் வேலை செய்யும் ஆலை என்றால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற வரம்பை 100 பேரிலிருந்து 300 ஆக உயர்த்திய புதிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதை நான் எதிர்க்கவில்லை. பழைய வரம்புக்குப் பயந்தவர்கள் கான்ட்ராக்ட் ஆட்களைத்தானே வைத்துக்கொண்டார்கள்?

எதிர்க்க வேண்டியது, ஆட்குறைப்பில் வேலை இழப்பவருக்குத் தரும் சொற்ப இழப்பீட்டை. ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்பது ஒரு மாத வாடகைக்கும் மளிகைக்குமே பற்றாது. அதை 45 நாளாக்குங்கள். அதைவிட முக்கியம், பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று தைப்பவர்களையும் கான்ட்ராக்ட் ஆட்களையும் கம்பெனிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பெயரே இல்லாதவருக்கு எத்தனை நாள் சம்பளம் என்று எந்த அதிகாரி கணக்குப் போடுவார்?