ஷார்ப்பா இருந்தா போதுமா? ரேஸ் படம் எடுக்கிறவங்களோட ஒரு சண்டை

பைக் ரேஸ் படம் என்று டைம்லைனில் வருவதில் பாதி, ரேஸ் படமே இல்லை. டேங்க் ஸ்டிக்கரில் இருக்கும் பொடி எழுத்து வரை படிக்கலாம், சக்கரத்தின் அலாய் கைகளை எண்ணலாம். வண்டி ஓடுகிறதா, யாரோ சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா என்றுதான் தெரியாது. கீழே வரிசையாக "செம ஷார்ப் ப்ரோ". எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

கணக்கைப் பாருங்கள். 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் 50 மீட்டர் கடக்கும். ஷட்டரை 1/1000-ல், அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்கும்படி வைத்தால், அந்த நேரத்தில் அது நகர்வது வெறும் 5 சென்டிமீட்டர். உறைந்துதான் போகும். 1/100-ல் வைத்தால் அரை மீட்டர் நகர்ந்துவிடும். அந்த அரை மீட்டரும் பைக்கோடு சேர்ந்து கேமராவும் திரும்பினால், ஹெல்மெட் தெளிவாக நிற்கும், பின்னால் டயர் அடுக்கும் வேலியும் கோடுகளாக ஓடும், சக்கரம் சுற்றுவது தெரியும். பேனிங் என்பது இவ்வளவுதான். நூறு படத்தில் தேறுவது விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். இருக்கட்டுமே. நமக்கு என்ன, நாளைக்கு எடிட்டருக்கு அனுப்பணுமா? ராத்திரி ஏழு மணிக்குள் படம் கொடுத்தே ஆகவேண்டிய பத்திரிகைக்காரர் 1/1000-ல் எடுக்கட்டும், அது அவர் பிழைப்பு. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி வேலிக்கு வெளியே நிற்கிற நாம் எதற்குப் பயப்படவேண்டும்?

பழக இடம் இல்லை என்று மட்டும் எங்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லக் கூடாது. பொங்கல் முடிந்தால் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. அதில் ஓடுகிற மாட்டை 1/80-ல் பேனிங் செய்து பாருங்கள், ரேஸ் பைக் சுலபமாகத் தெரியும். மாடு ஒரு தடவைதான் வரும், எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அதற்கே தெரியாது, பின்னால் கூட்டம் வேறு மறைக்கும். ரேஸில் அப்படியா? நல்ல ரைடர் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிரேக் பிடித்து, அதே இடத்தில் முழங்காலை இறக்குவார். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. தவறவிட்ட படம் இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்து நிற்கும். முதல் சுற்றில் கேமராவைத் தொடாமல் அவர்கள் எங்கே சாய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பிறகு அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருந்தால், பழைய கேமரா பாடிகூட போதும்.

லென்ஸ் பற்றி இன்பாக்ஸில் நிறையப் பேர் கேட்கிறீர்கள். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் 55-250 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் தாராளமாகப் போதும். கேனானின் சாதாரண கிராப் பாடியில் (சின்ன சென்சார் உள்ள கேமரா) அது 400 மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கும். மதியம் தார் ரோட்டில் கானல் எழும்பும்போது லட்ச ரூபாய் லென்ஸிலும் பைக் நெளிந்துதான் தெரியும், அதில் ஏழை பணக்காரன் கிடையாது. உண்மையான தொல்லை வேலி. லென்ஸை வேலியோடு ஒட்டி, அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, முழுசாகத் திறந்தால் கம்பி மறைந்துவிடும். ஆனால் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-ல் 1/100 வைத்தால் அப்பெர்ச்சர் எஃப்/16 என்ற சின்னத் துளைக்குப் போய்விடும். போனால் வேலி திரும்ப உள்ளே வந்து படமே வெளுத்துவிடும், சென்சாரில் இருக்கும் தூசியெல்லாம் வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதற்கு ஒரு என்டி ஃபில்டர் வாங்குங்கள், லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி அது. புது லென்ஸுக்குச் சேர்க்கும் காசில் மிகச் சிறு பங்குதான் ஆகும். அதைவிட, காலை செஷனுக்கே போய்விடுங்கள், வெயிலும் சாய்வாக இருக்கும், கூட்டமும் இருக்காது.

இன்னொன்று, எல்லா கேமராவும் முதல் மூன்று பேரையே துரத்துகிறது. கடைசியில் பத்தாவது, பன்னிரண்டாவதாக வருகிறவன் சொந்தக் காசில் டயர் வாங்கி ஓட்டுகிறவனாக இருப்பான். அவனுக்கு ஒரு நல்ல படம்கூட இருக்காது. நான் முடிந்தவரை பின்வரிசையைத்தான் எடுக்கிறேன், தேடிப் பிடித்து அனுப்பியும் விடுகிறேன். சண்டையும் அங்கேதான் நிஜமாக நடக்கிறது.

இதையெல்லாம் எழுதக் காரணம் வேறு. "அண்ணா, பைபாஸ்ல வீலிங் பண்றோம், ஒரு ரீல்ஸ் எடுத்துக் குடுங்கண்ணா" என்று பசங்க கேட்டு வருகிறார்கள். முடியாதுடா தம்பி. திமிர் என்று நினைத்தாலும் சரி. டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு நான் அங்கே நிற்பதே தெரியாது, நான் இல்லாவிட்டாலும் அவன் அதே வேகத்தில்தான் வருவான். பைபாஸில் நீங்கள் முன்சக்கரத்தைத் தூக்குவதே கேமராவுக்காக. நான் எடுக்க நின்றால் விழுவதில் எனக்கும் பங்கு உண்டு. டிராக்கில் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள மார்ஷல் இருக்கிறார், ஆம்புலன்ஸ் நிற்கிறது, எதிரில் ஒருவரும் வரமாட்டார்கள். இங்கே பைபாஸில் ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிய டெம்போ வரும், மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி ரோட்டைத் தாண்டும். விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயைப் பற்றித் தருமபுரிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், 1982-லிருந்து ரேஸ் டீம் வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் ஃபேக்டரி நம் ஓசூரில்தான் இருக்கிறது. அந்த வண்டிகள் ரேஸ் ஓடும் டிராக், இதே சென்னை ரோட்டில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. நம்ம பசங்களில் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அடுத்த ரவுண்டு தேதி தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன். பஸ்ஸில் போகலாம். கேமரா இல்லாதவர்கள் ஒரு பிராக்டிஸ் செஷன் முழுக்க என்னுடையதை வைத்துக்கொள்ளலாம். லென்ஸ் மூடியை மட்டும் தொலைக்காமல் திருப்பிக் கொடுங்கள்.