பால் பியர்ஸை விற்றது துரோகமல்ல

வயதான நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு டிராஃப்ட் பிக் (ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடம்; பொதுவாகத் தோற்ற அணிகளுக்கே முன்வரிசை) வாங்கலாமா என்று அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் ரசிகர்கள் எப்போது மோதிக்கொண்டாலும், யாராவது ஒருவர் 2013-ஐ இழுத்துவருவார். பாஸ்டன் செல்டிக்ஸ் தன் பால் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளின் நெட்ஸுக்கு அனுப்பி, பதிலுக்கு பிக்குகளை வாங்கிய ஆண்டு. ஒரு தரப்பு அதைத் துரோகம் என்கிறது. இன்னொரு தரப்பு, கிழவர்களை விற்றால் கோப்பை தானாக வரும் என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டுகிறது. இரண்டு தரப்பிடமும் எனக்குச் சண்டை உண்டு.

முதலில் துரோகக் கட்சி. பியர்ஸ் 1998 டிராஃப்டில் பத்தாவதாக எடுக்கப்பட்டவர். பாஸ்டனுக்காகப் பதினைந்து சீசன் ஆடினார். 2008-இல் கோப்பை வென்றுகொடுத்து இறுதித் தொடரின் சிறந்த வீரரும் ஆனார். விற்கப்பட்டபோது அவருக்கு வயது 35, கார்னெட்டுக்கு 37. தன் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்ற உரிமை கார்னெட்டின் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் சம்மதித்த பிறகுதான் எல்லாம் நடந்தது. இன்னொரு கோப்பைக்கு வாய்ப்பிருப்பதாகத் தோன்றிய அணிக்குத்தான் போனார்கள். இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள்?

1980-களின் நட்சத்திரங்களான லாரி பேர்டையும் கெவின் மெக்ஹேலையும் செல்டிக்ஸ் கடைசிவரை வைத்துக்கொண்டது. முதுகுவலியோடு பேர்ட் 1992-இல் ஓய்வு பெற்றார், மறு ஆண்டு மெக்ஹேல். கைக்கு எதுவும் மிஞ்சவில்லை. 1986-க்குப் பின் அடுத்த கோப்பைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள். பழியை முழுக்க அந்த விசுவாசத்தின் மேல் போடுவது நியாயமல்ல. லென் பயஸ், ரெஜி லூயிஸ் என்று இரண்டு இளம் வீரர்களின் மரணமும் அந்தச் சரிவில் இருக்கிறது. ஆனால் 2013-இல் பாஸ்டனின் மேலாளராக இருந்த டேனி எய்ஞ், 1986 அணியில் பேர்டோடு ஆடியவர். அந்த அணி கண்ணெதிரே மூப்படைந்ததைப் பார்த்தவருக்குப் பாடம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, விற்றால் கோப்பை என்னும் கட்சி. இவர்கள் மறப்பது ஒன்று: நெட்ஸிடம் பாஸ்டன் வாங்கியபோது அந்த பிக்குகள் உயர்ந்தவையே அல்ல. 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள், 2017-இல் மட்டும் தன் இடத்தை நெட்ஸின் இடத்தோடு மாற்றிக்கொள்ளும் உரிமை. ஏன் இப்படி ஓராண்டு விட்டு ஓராண்டு? வரும் ஆண்டுகளில் அடுத்தடுத்த இரண்டு முதல் சுற்று பிக்குகளைக் கைவிட்டு நிற்க அணிகளுக்கு அனுமதியில்லை. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி அது; இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. அந்த விதியை மீறாமல் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவையும் எய்ஞ் கறந்துவிட்டார்.

2014 பிக் என்ன ஆனது என்று பாருங்கள். அந்த சீசனில் நெட்ஸ் 44 ஆட்டங்கள் வென்றது. பிளேஆஃப் எனப்படும் நாக்-அவுட் கட்டத்தில், டொராண்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், கைல் லௌரியின் கடைசி வீச்சைத் தடுத்து ஒரு புள்ளியில் அணியைக் காப்பாற்றியவர் பியர்ஸேதான். அந்த 44 வெற்றியின் விளைவு, பாஸ்டனுக்குக் கிடைத்தது வெறும் பதினேழாவது இடம். அதில் எடுத்த ஜேம்ஸ் யங் லீக்கில் நிலைக்கவில்லை. பியர்ஸ் 2014 கோடையில் வாஷிங்டனுக்குப் போனார்; கார்னெட் 2015 பிப்ரவரியில் மினசோட்டாவுக்கு. அதன் பிறகுதான் மரம் காய்த்தது. 21 வெற்றியோடு நெட்ஸ் சரிந்ததில் 2016-இன் மூன்றாவது இடம், ஜேலன் பிரவுன். 20 வெற்றியோடு லீக்கின் கடைசியில் கிடந்ததில் 2017-இன் முதலிடம். அதையும் எய்ஞ் ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாவது இடத்தோடு இன்னொரு முதல் சுற்று உரிமையையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தார். முதலிடத்தில் போனவர் மார்கெல் ஃபுல்ட்ஸ். 2024-இல் டல்லாஸை 4-1 என வென்று பாஸ்டன் தன் பதினெட்டாவது கோப்பையை எடுத்தது பிரவுன், டேட்டம் இருவரையும் வைத்துத்தான்.

ஆகவே, மூத்த வீரரை விற்கும்போது இந்த ஆண்டு எந்த இடம் கிடைக்கும் என்று கேட்பவர் ஏமாறுகிறார். வாங்குகிற அணி மூன்று ஆண்டு கழித்து எந்த நிலையில் கிடக்கும் என்பதே கேள்வி. அவசரக்காரரிடம் விற்க வேண்டும். நெட்ஸ் உரிமையாளர் மிகைல் புரோகரோவ் ஐந்தாண்டுக்குள் கோப்பை என்று 2010-இல் வாய்விட்டிருந்தார். புதிய நகரம், புதிய அரங்கம், சம்பள வரம்பை மீறும் அணிகளுக்கு லீக் விதிக்கும் ஆடம்பர வரியாக மட்டும் ஏறத்தாழ 9 கோடி டாலர் கட்டத் தயாரான பணப்பை. பிக் மிக உயர்ந்த இடத்தில் விழுந்தால் எங்களுக்கே சொந்தம் என்ற சாதாரண நிபந்தனையைக்கூட அவர்கள் எழுதி வாங்கவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் எல்லா அணிகளுக்கும் வாய்ப்பதில்லை. உங்கள் அணியின் 34 வயதுக்காரருக்கும் இதே விலை கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொரு விற்பனை. 2017 ஏப்ரலில், பாஸ்டனின் முதல் பிளேஆஃப் ஆட்டத்துக்கு முந்தைய நாள், அந்த அணியின் நட்சத்திரம் ஐசையா தாமஸின் தங்கை விபத்தில் இறந்தார். மறுநாள் அவர் ஆடினார். மே மாதம், தங்கையின் பிறந்தநாளில், வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளிகள் எடுத்தார். இடுப்புக் காயத்தையும் தாங்கிக்கொண்டு ஓடினார். ஆகஸ்டில் அவரையும், மீதமிருந்த அந்த 2018 புரூக்ளின் பிக்கையும் சேர்த்துக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து கைரி இர்விங்கை வாங்கியது பாஸ்டன். கூடைப்பந்துக் கணக்கில் அதையும் நியாயப்படுத்தலாம். இர்விங் அவரைவிட இளையவர், திறமை அதிகம். இரண்டே ஆண்டுகள் ஆடிவிட்டு 2019-இல் அவர் போய்ச் சேர்ந்த இடம்? புரூக்ளின்.

பியர்ஸுக்கு 2018 பிப்ரவரியில் 34-ஆம் எண்ணை அரங்கின் உச்சியில் ஏற்றி மரியாதை செய்தார்கள். அதே இரவில் தாமஸுக்கும் ஒரு நன்றிக் காணொளி போடுவதாக ஒரு திட்டம் இருந்தது. தன் இரவைப் பங்குபோடப் பியர்ஸ் விரும்பவில்லை. தாமஸே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். பியர்ஸை விற்றதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த விஷயத்தில் அவர் மேல்தான் குறை.